அதிகாரம் ஓர் அமானிதம்

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும், மக்களுக்கிடையே தீர்ப்பளிக்க நேர்ந்தால் நீதமாகவே தீர்ப்பளிக்க வேண்டும் என்றும் அல்லாஹுதஆலா தன் திருமறையில், 'அந்நிஸா' அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். இத்திருவசனத்துக்கு விளக்கம் எழுதிய முபஸ்ஸிரீன்கள் ஒரு வரலாற்றைக் குறிப்பிடுகிறார்கள்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. மக்கா நகரம் வெற்றி கொள்ளப்பட்டுவிட்டது. கஃபாவின் திறவுகோல் பரம்பரை பரம்பரையாக அப்துத்தார் கிளையாரிடம் இருந்து வந்தது. அப்போது அதனை வைத்திருந்தவர் உஸ்மான் பின் தல்ஹா அவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்திறவுகோலை வாங்கிக் கஃபாவைத் திறந்து உள்ளே சென்று வெளியே வந்தார்கள். அவ்வேளையில் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்கள், ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் பொறுப்போடு திறவுகோல் பொறுப்பையும் தம் குடும்பத்துக்கே தந்துவிடுமாறு வேண்டினார்கள் என்று ரிவாயத்துகளில் காணப்படுகிறது. கேட்டவரோ நெருங்கிய உறவினர். கொடுப்பவரின் கையைப் பிடிக்க அன்று மக்காவில் எவரும் இல்லை. அப்படியிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் உஸ்மான் பின் தல்ஹாவை அழைத்து, அத்திறவுகோலை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்கள். இன்றுவரை அந்தக் குடும்பத்தாரே அதனை வைத்து வருகின்றனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்ன? திறவுகோல் யாரிடம் இருக்க வேண்டும் என்பது முழுக்க முழுக்க நாயகம் (ஸல்) அவர்களின் முடிவில் இருந்தது. யாருக்குக் கொடுத்திருந்தாலும் மக்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். 'என் விருப்பம்' என்று சொல்வதற்கு முழு இடமும் இருந்த அந்த வேளையில்தான் அமானிதம் என்ற சொல் வந்து நிற்கிறது. இம்மாதப் பாடத்தின் அடிப்படை இதுதான்.

ஒரு சகோதரரின் கேள்வி

நசரத்பேட்டையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் வருவாய்த் துறையில் பணியாற்றுகிறார். அவர் நம்மிடம் கேட்ட கேள்வியின் கருத்து இது: "சில விஷயங்களில் சட்டம், இன்னதைச் செய்தே தீர வேண்டும் என்று அதிகாரியைக் கட்டிப்போடுகிறது. வேறு சில விஷயங்களில், செய்யலாம் என்று மட்டும் கூறி, முடிவை அதிகாரியிடமே விட்டுவிடுகிறது. இந்த இரண்டாவது வகையில் நான் கொடுத்தாலும் சட்டப்படி சரி, மறுத்தாலும் சட்டப்படி சரி. அப்படியானால் இதில் ஹலால், ஹராம் என்ற பேச்சுக்கு இடமுண்டா?"

நல்ல கேள்வி. லஞ்சம் ஹராம் என்பதை எல்லாரும் அறிவார்கள். சட்டத்தை மீறுவது குற்றம் என்பதையும் அறிவார்கள். ஆனால் லஞ்சமும் வாங்காமல், சட்டத்தையும் மீறாமல், ஒரே ஒரு கையெழுத்தால் ஒருவருக்கு அநீதி இழைக்க முடியும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆதரவற்ற முதியோருக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. ஒரு விதவைத் தாய் மனுக் கொடுக்கிறார். அவருக்கு ஒரு மகன் உண்டு. ஆனால் அவன் வேறூரில் குடும்பத்தோடு இருக்கிறான். தாய்க்கு ஒரு காசும் அனுப்புவதில்லை. அவர் ஆதரவற்றவரா, அல்லவா? மகன் இருக்கிறான் என்று எழுதி மனுவைத் தள்ளிவிடலாம். விசாரித்து, மகன் இருந்தும் இல்லாத நிலைதான் என்று எழுதி மனுவை ஏற்கவும் செய்யலாம். எப்படி எழுதினாலும் மேலதிகாரி கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் அவர் வீட்டு அடுப்பு எரியும், மற்றொன்றில் எரியாது.

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, கடை உரிமம், ஊழியர் இடமாறுதல், நிலமெடுப்பு என்று இப்படி எத்தனையோ இடங்களில் சட்டம் ஓரளவு வரை வந்து நின்றுவிடுகிறது. அதற்குமேல் அதிகாரியின் அறிவும் மனச்சாட்சியும்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இப்படி விடப்படுவது சட்டத்தின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. மனித வாழ்க்கையின் எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே எழுதி வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. ஹஜ்ரத் முஆத் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் வேதத்தைக் கொண்டும், அதில் கிடைக்காவிட்டால் ரஸூலின் ஸுன்னத்தைக் கொண்டும், அதிலும் கிடைக்காவிட்டால் தம் அறிவைச் செலுத்தி முயன்றும் தீர்ப்பளிப்பதாக அவர்கள் விடையளித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மகிழ்ந்தார்கள். அபூதாவூத், திர்மிதீ கிரந்தங்களில் உள்ள இந்த ஹதீஸை மத்ரஸா மாணவர் அனைவரும் ஓதியிருப்பர். ஆகவே அதிகாரியிடம் முடிவை ஒப்படைப்பது ஷரீஅத்துக்குப் புதிதன்று. ஒப்படைக்கப்பட்டதை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதுதான் கேள்வி.

இரண்டு விதமான தேர்வு

ஹிஜ்ரி 684ல் மிஸ்ரில் வபாத்தான மாலிகீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கராபீ (ரஹ்) அவர்கள், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் சட்டங்களைப் பிரித்துக் காட்டுவதில் வல்லவர்கள். நம் சகோதரரின் கேள்விக்கு அவர்களது நூல்களில் தெளிவான விடை இருக்கிறது.

சத்தியத்தை முறித்தவர் கஃப்பாரா கொடுக்க வேண்டும். பத்து ஏழைகளுக்கு உணவளிக்கலாம், அல்லது அவர்களுக்கு உடை கொடுக்கலாம், அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்யலாம் என்று 'அல்மாயிதா' அத்தியாயத்தில் வருகிறது. இம்மூன்றில் எதைச் செய்வது என்பது அவரவர் விருப்பம். உணவு கொடுப்பதுதான் எளிது என்று ஒருவர் அதையே செய்தால், ஏன் உடை கொடுக்கவில்லை என்று எவரும் கேட்க முடியாது. இது ஒரு வகைத் தேர்வு.

போரில் பிடிபட்ட கைதிகளின் விஷயத்திலும் ஆட்சித் தலைவருக்குச் சில வழிகள் தரப்பட்டுள்ளன. சும்மா விட்டுவிடலாம்; ஈடு பெற்றுக்கொண்டு விடலாம்; வேறு வழிகளும் உண்டு. வெளித்தோற்றத்தில் இதுவும் கஃப்பாராவைப் போன்ற தேர்வுதான். ஆனால் அப்படியன்று என்கிறார்கள் இமாமவர்கள். இங்கே தலைவர் தம் மனம் விரும்பியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆராய்ந்து பார்த்து, மக்களுக்கு எது மிக நன்மையானதோ அதையே செய்ய வேண்டும். எது நன்மையானது என்று தெரிந்துவிட்டால் அதுவே அவர்மீது வாஜிப் ஆகிவிடுகிறது. மற்ற வழிகள் அவருக்கு அடைபட்டுவிடுகின்றன.

இந்த வித்தியாசத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நம் சொந்த விஷயத்தில் தேர்வு என்றால் அது விருப்பம். பிறர் விஷயத்தில் நமக்குத் தேர்வு தரப்பட்டால் அது தேடல். சட்டப் புத்தகத்தில் 'செய்யலாம்' என்று எழுதியிருப்பது வெளியே இருந்து பார்ப்பவருக்குத்தான். நாற்காலியில் அமர்ந்து கோப்பைப் படித்து, உண்மை இன்னது என்று அறிந்துகொண்ட அதிகாரிக்கு அந்தச் 'செய்யலாம்', அக்கணமே 'செய்ய வேண்டும்' என்றோ 'செய்யக் கூடாது' என்றோ மாறிவிடுகிறது. அரசாங்க மொழியில் இதற்கு விருப்புரிமை என்று ஒரு பெயர் வழங்குகிறது. பெயர் எப்படியிருந்தாலும், ஷரீஅத்தின் பார்வையில் இதில் விருப்பமும் இல்லை, உரிமையும் இல்லை. இருப்பது அமானிதம் மட்டுமே.

யதீமின் சொத்து

புகஹாக்களிடையே புகழ்பெற்ற ஒரு சட்டவிதி உண்டு. குடிமக்கள் விஷயத்தில் ஆட்சியாளர் செய்யும் ஒவ்வொரு காரியமும் மக்களின் மஸ்லஹத்தை, அதாவது நன்மையை, பொறுத்தே செல்லுபடியாகும் என்பது அதன் கருத்து. ஷாபிஈ மத்ஹபில் இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களும், ஹனபீ மத்ஹபில் அல்லாமா இப்னு நுஜைம் (ரஹ்) அவர்களும் தங்கள் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூல்களில் இதனை விரித்து எழுதியிருக்கிறார்கள். துருக்கியின் உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' சட்டத்தொகுப்பில் இது 58ஆவது விதியாக இடம்பெற்றுள்ளது.

இந்த விதியின் வேர், குடிமக்களுக்கும் ஆட்சியாளருக்கும் உள்ள உறவு யதீமுக்கும் அவனுடைய வலீக்கும் உள்ள உறவைப் போன்றது என்ற இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தாகும். கலீபா உமர் (ரலி) அவர்களும் பைத்துல்மால் விஷயத்தில் தம்மை யதீமின் சொத்தைப் பராமரிப்பவருக்கே ஒப்பிட்டுக் கூறியிருக்கிறார்கள்.

யதீமின் வலீக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார், விளைச்சலை விற்கிறார், செலவு செய்கிறார். குழந்தைக்கோ கேட்கத் தெரியாது. ஊராருக்கு உள்விவரம் தெரியாது. கணக்குக் கேட்பார் இல்லாத இந்த இடத்தில்தான் திருமறை மிகக் கடுமையாகப் பேசுகிறது. மிகச் சிறந்த முறையிலன்றி யதீமின் பொருளை நெருங்கவும் வேண்டாம் என்று 'அல்அன்ஆம்' அத்தியாயத்தில் தடை செய்கிறது. நல்ல முறை என்றுகூடச் சொல்லி நிறுத்தவில்லை. மிகச் சிறந்த முறை என்றே சொல்கிறது. கேட்பார் இல்லாத இடத்தில் கடமை குறைவதில்லை, கூடுகிறது என்பது இதனால் விளங்குகிறது. அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் எழுத்தறியாத மனிதரும் ஒரு வகையில் யதீம்தான். அவருக்கு உள்ள உரிமை இன்னதென்று அவருக்கே தெரியாது. அதிகாரிக்குத் தெரியும்.

இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் இவ்விதியிலிருந்து எடுத்துக் காட்டும் ஒரு மஸ்அலாவை இங்கே சொல்லியே தீர வேண்டும். ஒரு செல்வர் தம் ஜகாத்தைத் தாமே கொடுக்கும்போது, ஒரே அளவு தேவையுள்ள இரு ஏழைகளில் ஒருவருக்குக் கூட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் கொடுக்கலாம். ஆனால் ஆட்சித் தலைவர் ஜகாத்தைப் பங்கிடும்போது, தேவை சமமாக இருக்க, ஒருவருக்குக் கூட்டிக் கொடுப்பது ஹராம். அதே ஜகாத், அதே ஏழைகள். தனிமனிதருக்கு ஆகுமாக இருந்தது, அதிகாரத்தில் அமர்ந்தவருக்கு ஹராமாகிவிடுகிறது! காரணம் என்ன? செல்வரின் தேர்வு தம் கடமையை நிறைவேற்றுவதற்கானது. தலைவரின் தேர்வோ, எல்லா ஏழைகளுக்கும் வலீயாக நின்று செய்வது. அங்கே சொந்தப் பிரியம் நுழைந்தால் அது அமானித மோசம்.

தலைமைச் செயலாளர் வழக்கு

இதே உண்மையை நம் நாட்டின் உச்சநீதிமன்றமும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே எடுத்துரைத்தது. இ.பி. ராயப்பா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 1969 நவம்பரில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக நியமிக்கப்பட்டார். 1971ல் அவர் மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவர் பதவிக்கும், 1972ல் தனி அலுவலர் பதவி ஒன்றுக்கும் மாற்றப்பட்டார். ஊழியரை இடம் மாற்றுவது அரசின் முடிவுக்கு விடப்பட்ட விஷயம். ஆனால் தம்மை மாற்றியது நிர்வாக நன்மைக்காக அன்று, தீய நோக்கத்தினால்தான் என்று அவர் வழக்குத் தொடர்ந்தார்.

1973 நவம்பர் 23ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதில் நீதிபதி பகவதி எழுதிய பகுதி பிற்காலத்தில் மிகவும் புகழ்பெற்றது. அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவு கூறும் சமத்துவமும், மனம்போன போக்கில் முடிவெடுப்பதும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை என்பது அதன் சாரம். ஒரு முடிவு மனம்போன போக்கில் எடுக்கப்பட்டாலே அதில் சமத்துவம் அழிந்துவிடுகிறது. இரண்டு ஏழைகளின் பங்கைப் பற்றி இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் எழுதியதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம்!

இத்தீர்ப்பில் இன்னொரு பாடமும் உண்டு. ராயப்பாவின் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. தீய நோக்கம் என்று குற்றம் சாட்டுவது எளிது, நிரூபிப்பது கடினம், நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவரைச் சேர்ந்தது, வெறும் சந்தேகம் போதாது என்று நீதிமன்றம் கருதியது. நமக்குப் பாதகமாக முடிவெடுத்த அதிகாரிகள் அனைவரையும் லஞ்சப் பேர்வழிகள் என்றும், மதவெறியர்கள் என்றும் டீக்கடையில் அமர்ந்து பேசிவிடுகிறோம். எண்ணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறும், சில எண்ணங்கள் பாவம் என்றும் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் எச்சரிப்பதை மறந்துவிடுகிறோம். அதிகாரி நீதம் செய்யக் கடமைப்பட்டிருப்பதைப் போலவே, அவரைப் பற்றிப் பேசும் நாமும் நீதம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு

நசரத்பேட்டை வாசகர்களுக்கு நிலமெடுப்பைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. பெங்களூர் நெடுஞ்சாலை அவ்வூர் வழியேதான் செல்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை அந்த நெடுஞ்சாலையைக் கடப்பதும் நசரத்பேட்டையில்தான். அதன் முதற்பகுதி 2014ல் திறக்கப்பட்டது. சாலையால் ஊருக்கு நன்மை உண்டு, சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சாலையும் வெறும் வெளியில் அமைவதில்லை. யாரோ ஒருவரின் வயல், யாரோ ஒருவரின் வீடு அதற்கடியில் இருக்கிறது. எந்தக் கோட்டில் செல்வது, எந்த நிலத்தை எடுப்பது, என்ன விலை வைப்பது என்பவற்றில் அதிகாரிகளின் முடிவுக்கு நிறைய இடமுண்டு.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில், மஸ்ஜிதுந் நபவீயை விரிவாக்க வேண்டியதாயிற்று. பள்ளிவாசலை அடுத்து ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இருந்தது. கலீபா அவர்கள் மூன்று வழிகளை முன்வைத்தார்கள்: விரும்பிய விலைக்கு விற்றுவிடலாம், வேறிடத்தில் பைத்துல்மால் செலவில் வீடு கட்டித் தரப்படும், அல்லது முஸ்லிம்களுக்கு ஸதகாவாகத் தந்துவிடலாம். அப்பாஸ் (ரலி) அவர்கள் மூன்றையும் மறுத்தார்கள். கலீபா என்ன செய்தார்கள்? ஆளனுப்பி இடிக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஹஜ்ரத் உபை பின் கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்று, அவர்களிடம் சென்றார்கள். நடுவரின் தீர்ப்பு கலீபாவுக்கு எதிராக அமைந்தது. உரிமையாளர் மனமொப்பாமல் எடுக்க முடியாது என்றார்கள். கலீபா அவர்கள் அத்தீர்ப்புக்குப் பணிந்தார்கள். அதன்பிறகு அப்பாஸ் (ரலி) அவர்களே மனமுவந்து அவ்வீட்டை முஸ்லிம்களுக்கு ஸதகாவாகக் கொடுத்துவிட்டார்கள்.

விரிவாக்கப்படவிருந்தது நபியவர்களின் பள்ளிவாசல்! அதைவிடப் பெரிய பொதுநலன் எது? அங்கேயே, 'பொதுநலன்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும் என்று கலீபா அவர்கள் எண்ணவில்லை. உறுதிப்பட்ட, அறியப்பட்ட உரிமையின்றி ஒருவர் கையிலிருந்து எதனையும் ஆட்சித் தலைவர் எடுக்கலாகாது என்று இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள், கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் குறிப்பிட்டிருப்பதும் இதே வழியில்தான்.

நம் நாட்டில் 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தில், நில உரிமையாளரின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்ற 5ஏ பிரிவு 1923ல்தான் சேர்க்கப்பட்டது. அவசரம் என்று கூறி அந்த விசாரணையை விட்டுவிடும் அதிகாரமும் 17ஆவது பிரிவில் இருந்தது. உண்மையான அவசரம் இல்லாதபோதும் அது பயன்படுத்தப்பட்ட வழக்குகள் பல நீதிமன்றங்களுக்கு வந்தன. ஆட்சேபணை விசாரணை வெறும் சடங்கன்று என்று உச்சநீதிமன்றம் பலமுறை கூற வேண்டியதாயிற்று. 2014 ஜனவரி முதல் தேதியன்று அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தது. ஆனாலும் சட்டம் மாறினால் மட்டும் போதாது. ஆட்சேபணை சொல்ல வந்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பதும், காகிதத்தில் 'கேட்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அனுப்புவதும் இன்னும் அதிகாரியின் கையில்தான் இருக்கிறது.

அதிகாரி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

இனி, முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் சகோதரர்கள் கையெழுத்திடும் முன் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, விஷயம் தெரிந்துதான் முடிவெடுக்கிறேனா? தீர்ப்பளிப்பவர்கள் மூவகையினர் என்றும், உண்மையை அறிந்து அதன்படி தீர்ப்பளித்தவர் மட்டுமே சுவனவாசி என்றும், அறிந்தே மாற்றித் தீர்ப்பளித்தவரும் அறியாமலே தீர்ப்பளித்தவரும் நரகவாசிகள் என்றும் ஹதீஸில் வந்துள்ளது. கோப்பைப் படிக்காமல் கையெழுத்திடுபவர் இம்மூவரில் யாரோடு சேர்வார் என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

இரண்டாவது, மறுபக்கத்தைக் கேட்டேனா? ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை யமனுக்குக் காஜியாக அனுப்பியபோது, ஒருவர் பேச்சைக் கேட்டதைப் போல் மற்றவர் பேச்சையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள்.

மூன்றாவது, காரணத்தை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியுமா? 1977ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை, பொதுநலன் கருதி என்று கூறி அரசு முடக்கியது. காரணம் சொல்ல மறுத்தது. 1978 ஜனவரி 25ல் உச்சநீதிமன்றம், ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நேர்மையானதாக இருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மனுதாரரின் முகத்துக்கு நேரே சொல்லக் கூசும் காரணம், நாளை அல்லாஹ்வின் முன்னிலையில் எப்படிச் சொல்லத் தகும்?

நான்காவது, இதே மனுவை என் மைத்துனன் கொண்டுவந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? எனக்குப் பிடிக்காத ஒருவன் கொண்டுவந்திருந்தால்? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதம் தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தில் 'அல்மாயிதா' அத்தியாயம் நம்மை எச்சரிக்கிறது. முஸ்லிமான அதிகாரிக்கு மாற்று மதச் சகோதரர் மனுக் கொடுத்தாலும் இதே கட்டளைதான்.

ஐந்தாவது, இந்த நாற்காலி இல்லாவிட்டால் இந்த அன்பளிப்பு எனக்கு வருமா? ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் வினவினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அன்பளிப்பு பெறுவதற்கு வரம்பு கட்டுகின்றன. விதியின் வரம்புக்குள் அடங்கிய அன்பளிப்பாக இருந்தாலும், இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் அது ஹலாலாக வேண்டும்.

அஞ்சி ஒதுங்குவதும் குற்றமே

இவற்றையெல்லாம் படித்துவிட்டுச் சிலர், வம்பே வேண்டாம் என்று எந்த மனுவிலும் முடிவெடுக்காமல் மேலும் கீழும் கோப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். அது பேணுதலாகாது. தேவையுடைய மக்களுக்குத் தன் வாசலை அடைத்துக்கொள்ளும் அதிகாரிக்கு, அவனது தேவையின்போது அல்லாஹ்வும் வாசலை அடைத்துக்கொள்வான் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூ மர்யம் (ரலி) அவர்கள் ஹஜ்ரத் முஆவியா (ரலி) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்டவுடன் முஆவியா (ரலி) அவர்கள், மக்களின் தேவைகளைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். தாமதமும் ஒரு முடிவுதான். உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து மவுத்தாகிவிட்ட மூதாட்டியின் மனுவை எவரும் நிராகரிக்கவில்லை என்று கோப்பு சொல்லலாம். மலக்குகளின் ஏடு அப்படிச் சொல்லுமா?

உண்மையாக ஆராய்ந்து, நீதத்தை நாடி முடிவெடுத்த பிறகும் தவறு நேர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. முயன்று தீர்ப்பளித்துச் சரியாக அமைந்தவருக்கு இரண்டு நற்கூலி, தவறாக அமைந்தவருக்கும் ஒரு நற்கூலி என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சலுகை தவறிப்போனவருக்குத்தான். தேடாமலே இருந்தவருக்கு இல்லை. தவறு என்று தெரிந்ததும் திருத்திக்கொள்வதில் வெட்கமும் கூடாது. நேற்றுக் கொடுத்த தீர்ப்பு, இன்று உண்மையின் பக்கம் திரும்புவதற்குத் தடையாகிவிட வேண்டாம் என்ற கருத்தை, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் காணலாம்.

நம் பங்கு என்ன?

அதிகாரிகளுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு எழுந்துவிட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும். அதிகாரியின் முடிவைக் கெடுப்பவர்களில் மேசைக்கு இந்தப்பக்கம் நிற்கும் நாமும் உண்டு.

மக்ஸூம் கோத்திரத்துப் பெண்ணொருத்தி திருடிவிட்டபோது, உயர்குலத்தவள் என்பதால் அவளை விடுவிக்க ஹஜ்ரத் உஸாமா (ரலி) அவர்கள் மூலம் சிபாரிசு சென்றது. நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கோபமுற்றார்கள். உயர்ந்தவனை விட்டுவிட்டு எளியவனைத் தண்டித்ததால்தான் முன்சென்ற சமூகங்கள் அழிந்தன என்று எச்சரித்தார்கள். அதே சமயம், நல்ல சிபாரிசு செய்பவருக்கு அதில் பங்குண்டு என்றும், தீய சிபாரிசு செய்பவருக்கும் அதன் சுமையில் பங்குண்டு என்றும் 'அந்நிஸா' 85ஆம் வசனம் கூறுகிறது. ஆகவே சிபாரிசு எல்லாமே கூடாது என்பதில்லை. வாயில்லாதவரின் உண்மையான நிலையை அதிகாரிக்கு எடுத்துச் சொல்வது நல்ல சிபாரிசு. வரிசையில் முன்னே நிற்பவரை ஒதுக்கிவிட்டு நம் ஆளை உள்ளே நுழைப்பது தீய சிபாரிசு. நம் ஊர்ப் பிள்ளை தாலுகா ஆபீசில் இருக்கிறான், அவன் நமக்கு இதுகூடச் செய்யமாட்டானா என்று கேட்கும் உறவினர், அன்பின் பெயரால் அந்தப் பிள்ளையின் ஆகிரத்தைக் கேட்கிறார் என்பதை உணர வேண்டும்.

இன்னும் ஒன்று. அரசு அலுவலகத்தில் மட்டும்தானா இந்த அதிகாரம் இருக்கிறது? மஹல்லா பைத்துல்மாலில் யாருக்கு உதவுவது என்று தீர்மானிக்கும் முதவல்லியின் கையிலும் இருக்கிறது. மத்ரஸாவில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் நாஜிரின் கையிலும் இருக்கிறது. குமர்ப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவி கேட்டு வந்த இருவரில், நமக்கு வேண்டியவருக்கு முழுத் தொகையும் மற்றவருக்கு வெறும் துஆவும் கொடுத்தனுப்பும் ஜமாஅத் நிர்வாகி, சர்க்கார் அதிகாரியைக் குறை கூறத் தகுதியுள்ளவரா? பதவியைக் கேட்டு வந்த அபூதர் (ரலி) அவர்களிடம், அது ஓர் அமானிதம் என்றும், முறைப்படி ஏற்று அதன் கடமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவருக்குக் கியாமத்து நாளில் அது இழிவும் கைசேதமுமாகும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். சிறிய பதவி, பெரிய பதவி என்ற பேதம் அதில் இல்லை.

எனவே அந்தச் சகோதரருக்கு நாம் கூறும் விடை இதுதான்: கொடுத்தாலும் சரி, மறுத்தாலும் சரி என்று சட்டம் விட்டுவிட்ட இடத்தில் ஹலாலும் ஹராமும் விலகிப் போய்விடவில்லை. கோப்பில் உள்ள உண்மை தங்களுக்குத் தெரிந்த அந்த நிமிடத்திலேயே அவை வந்துவிடுகின்றன. மனிதர்கள் கணக்குக் கேட்கும் இடங்களில் ஒருவேளை தவ்பாவுக்கு முன்பே திருத்தம் கிடைத்துவிடும். மனிதர்கள் கேட்காத இடங்களில் கேட்பவன் அல்லாஹ் ஒருவனே.

அதிகாரம் தரப்பட்ட நம் சகோதரர்கள் அனைவருக்கும் அதனை அமானிதமாக எண்ணி நடக்கும் நற்பாக்கியத்தையும், அவர்களிடம் செல்லும் நமக்கு நீதத்தை மட்டுமே கேட்கும் நல்லுள்ளத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.